ஒட்டு பிரிக்காத தொதல் டப்பா

இல்லம்மா, கொஞ்சம் பேனாவ வைங்க. தூக்கத்துலன்னு எழுதிட்டீங்களா? சரி, அடிக்க வேணாம், இருந்துட்டுப் போகட்டும். நான்தான சொன்னேன். மகன் எப்படி மௌத்தானான்னு யாரு கேட்டாலும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். நல்லாச் சாப்பிட்டான், சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தான், படுத்தான், தூக்கத்துலயே போயிட்டான். சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. ஆனா டாக்டரம்மா, நானே அத நம்பல. இன்னிக்கு நேத்தில்ல, வருஷக்கணக்கா நம்பல.

இருங்க. அவ அடுப்படியிலதான இருக்கான்னு பாத்துக்கிறேன்... இருக்கா. தேங்காப்பால் காயிற வாசம் வருதுல்ல? தொதல் கிண்டுறா, எங்க ஊரு அல்வா மாதிரி. இப்போதைக்குச் சட்டிய விட்டு நகர மாட்டா, கை நின்னா அடிப்பிடிச்சிரும். வருஷா வருஷம் இந்த நாள்ல கிண்டி தெரு முழுக்கக் குடுப்பா. ஏன்னு அப்பறம் சொல்றேன்.

நீங்க கேட்டது வேற, அது தெரியுதும்மா. முன்னாடியே நெஞ்சு வலி வந்துச்சா, சக்கர இருந்துச்சா, என்ன எடை இருந்தான். எங்க குடும்பத்த வச்சு நீங்க போடுற அந்தப் படத்துல ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டம், மௌத்தானவங்களுக்குக் குறுக்க ஒரு கோடு. எங்க ரத்தம் எடுக்க வந்தப்பயே சொன்னீங்க. எம்மவன் சதுரத்துல அந்தக் கோட்ட நீங்க எவ்வளவு மெதுவா இழுத்தீங்கன்னு நான் பாத்தேன். அதுக்காகத்தான் உங்ககிட்ட இதச் சொல்லத் தோணுது.

எம்மவன் ஷாகிரு குண்டு. ஒளிக்க என்ன இருக்கு. தொட்டில் கயிறு அவனத் தாங்காம அறுந்துச்சு. மதரஸாவுல ஒரு பட்டப்பேரு, கடக்கரையில வெளையாடப் போனா இன்னொண்ணு. கயிறு இழுக்கிற போட்டின்னா மட்டும் ரெண்டு பக்கமும் அவன் எங்களுக்குத்தான்னு அடிச்சுக்குவாங்க. அவனும் சிரிப்பான். குண்டாப் பொறந்த புள்ளைங்க சிரிக்கிறதுக்குச் சீக்கிரமே கத்துக்குதுகம்மா. அடுத்தவன் சிரிக்கிறதுக்கு முந்தி தான் சிரிச்சுரணும்ல.

என்னயப் பாருங்க. ஓணான் கணக்கா இருக்கேன். சட்ட ஆணியில தொங்குற மாதிரி தொங்குது. இந்த நெஞ்சத்தான் மதுரையில கொண்டுபோய்ப் பொளந்து தச்சாங்க. அப்ப ஊர்ல ஒருத்தராவது, தின்னு கெட்டான்னு சொன்னாங்களா? நசீபுன்னாங்க, விதின்னாங்க, பாவம்னாங்க, ஹார்லிக்ஸோட வந்து பாத்தாங்க. எம்மவனுக்கு வந்தப்ப மட்டும் அத்தன பேரும் வயித்தப் பாத்தாங்க. ஜனாஸா தொழுகைக்கு வந்துட்டுத் திரும்பும்போதே ஒருத்தர் சொல்லிக்கிட்டுப் போறாரு, வாயக் கட்டியிருக்கணும்னு. காதுல விழுந்துச்சு. காயிப் ஜனாஸாம்மா அது. உடம்பு இங்க வரல. ஷார்ஜாவுல, அங்கனயே அடக்கிட்டாங்க.

அதான், நான் பாக்கல. அவன் எப்படி இருந்தான்னு கடைசியா என் கண்ணால பாக்கல. பாத்திருந்தா இவ்வளவு யோசன இருந்திருக்காது.

நீங்க இன்னிக்குச் சொன்னத நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனான்னு சொல்லிப் பாக்குறேன், தப்புன்னா திருத்துங்க. எல்லா மனுசருக்கும் உள்ள எழுதுனது ஏறக்குறைய ஒண்ணுதான். அங்கங்க ஒரு எழுத்து மாறி வருது. அப்படி மாறுனதுல ஒண்ணு எங்கிட்ட இருக்கு, அது ஒரு வகைக் கொழுப்பு, சோத்தக் கொறச்சாலும் கொறையாது, பொறப்புலயே ரத்தக்குழாய்ல வந்து ஒட்டுறது. இன்னொண்ணு எம் பொண்டாட்டி உம்மு ஹபீபாகிட்ட, அவகிட்ட இருக்கிறது வேற. வயிறு நெறஞ்சுதுன்னு மூளைக்குப் போற சேதி சரியாப் போய்ச் சேராது. சேதியில்லன்னா மூளை இன்னும் பசின்னுதான் நெனைக்கும். சரிதான? ம்.

வெள்ளைக்காரங்க ரத்தத்த வச்சுப் போட்ட கணக்கு நம்மாளுகளுக்கு அப்படியே ஒத்துவராது, நமக்கு எடை கம்மியா இருக்கும்போதே நெஞ்சு முந்திக்கிது, அதனாலதான் ஊரு ஊராப் போய் எடுக்குறோம்னீங்க. எடுங்க. நல்ல காரியந்தான். நான் படிச்சவன் இல்ல, ஷார்ஜாவுல பாக்காலாவுல, மளிகைக் கடையில, பொட்டலம் மடிச்சவன். ஆனா நீங்க சொல்லி முடிச்சப்ப எனக்கு ஒரே ஒண்ணுதான் வெளங்குச்சு. எங்கிட்டேர்ந்து நெஞ்சு, அவகிட்டேர்ந்து பசி. ரெண்டும் போய் அந்த ஒரு புள்ளகிட்ட சேந்துக்கிச்சு. சேந்திருக்கலாம்னுதான் சொல்லணுமா? சரிம்மா, சேந்திருக்கலாம். அவன் ரத்தம் உங்ககிட்ட இல்லையே.

உம்மு ஹபீபா எனக்கு மாமி மக. எங்க தெருவுல குடுத்து வாங்குறதெல்லாம் அப்படித்தான். இது எங்க வீடுன்னு சொன்னேனே, உண்மையில அவ வீடு. கீழக்கரையில ஆம்பளைதான் கட்டிக்கிட்டுப் பொண்டாட்டி வீட்டுக்குப் போகணும். அங்கதான் சோறு, அங்கதான் தூக்கம். நானும் அப்படி வந்தவன்தான். ஷாகிருக்கும் அப்படித்தான் பேசி முடிச்சோம். பொண்ணு, இங்க பள்ளிக்கூடத்து முருகலட்சுமி டீச்சர்கிட்ட படிச்ச புள்ள, நல்ல புள்ள, குடும்பமும் நல்ல குடும்பம். குத்தம் சொல்ல மாட்டேன்.

பேசி முடிச்ச அன்னிக்கு அங்கதான் சாப்பாடு. பொண்ணோட பெரியம்மா, வேடிக்கையாப் பேசுற ஆளு, கதவுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க. வீடு கட்டியாச்சு, ரூமு போட்டாச்சு, மாப்பிள்ளைக்குச் சோறு போட இனி ரெண்டு வயக்காடு வாங்கணும்டீன்னு. வீடே சிரிச்சுது. ஷாகிருதான் எல்லாரையும் விட ஜாஸ்தி சிரிச்சான். மாமி, வயக்காடு வேணாம், ரேஷன் கடைக்குப் பக்கத்துல வீடு இருந்தாப் போதும்னான். இன்னும் சிரிச்சுது. அவன் கை அப்ப சகன்ல இருந்துச்சு. அப்பறம் அது வாய்க்குப் போகல. அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆனா நெசமாவே பாத்தேனா, இல்ல எல்லாம் முடிஞ்சப்பறம் நானா சேத்துக்கிட்டேனா, அது எனக்கே தெரியலம்மா.

சகன் தெரியாதா உங்களுக்கு? பெரிய தாம்பாளத் தட்டு. நெய்ச்சோறு, கறி, தாளிச்சா எல்லாம் ஒண்ணா வச்சு, சுத்தி நாலஞ்சு பேரு உக்காந்து சாப்பிடுறது. அதுக்கு மொற இருக்கு. அவரவர் பக்கத்துலேர்ந்துதான் எடுக்கணும். நல்ல கறித்துண்டு வந்தா அடுத்தவர் பக்கம் தள்ளணும். அடுத்தவன் கையப் பாக்கக் கூடாது, எவ்வளவு தின்னுறான்னு எண்ணுற மாதிரி ஆயிரும். வயிறு நெறஞ்சாலும் கைய எடுத்துட்டு எந்திரிக்கக் கூடாது, மத்தவன் கூச்சப்பட்டு அரை வயித்தோட எந்திரிச்சுருவான். எல்லாரும் முடிக்கிற வரைக்கும் சும்மாவாச்சும் கைய வச்சுக்கிட்டு இருக்கணும். நல்ல பழக்கம்தானம்மா? நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுலதான் எம்மவன் ஒளிஞ்சான்.

ஷார்ஜாவுல அவன் இருந்த ரூம்ல எல்லாரும் நம்ம தெருப் பயலுகதான். மாத்தி மாத்திச் சமைப்பாங்க. ஊர்லேர்ந்து ஒரு சகன் கொண்டு போயிருந்தாங்க. ராத்திரி அதச் சுத்தித்தான் சாப்பாடு. ஹமீதுதான் ரூம்ல மூத்தவன். ஷாகிருக்குக் காக்கா மாதிரி, கூடப் பொறக்காத அண்ணன். வேல வாங்கிக் குடுத்ததும் அவன்தான்.

நிக்காஹுக்குத் தேதி வச்சுட்டு இவன் திரும்பிப் போனான். போன்ல கேட்டா, வாப்பா திங்கக் கெழம வியாழக் கெழமெல்லாம் நஃபில் நோன்பு வைக்கிறேன்னான். கட்டாயமில்லாம நாமளா விரும்பி வைக்கிற நோன்பு. எனக்கு ஒரே சந்தோசம். பள்ளிவாசல்ல நாலு பேருகிட்ட சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப நெனச்சா, அந்த நோன்பு அல்லாவுக்கா, அந்தப் பெரியம்மாவுக்கா? அல்லா ஏத்துக்கிட்டிருப்பான், அதுல சந்தேகம் இல்ல. பசிதான, அவனுக்குத் தெரியும்ல யாரு யாரு பசி எவ்வளவுன்னு.

அந்தச் சமயம் இங்கருந்து ஒரு பய ஷார்ஜா போனான். உம்மு ஹபீபா தொதல் கிண்டி, எவர்சில்வர் டப்பாவுல அமுக்கி, மூடியச் சுத்தி ஒட்டுத்தாள் ஒட்டிக் குடுத்தனுப்புனா. காத்துப் போகாம மூணு சுத்து. அவனுக்கு அது உயிரு. சின்னதுல சட்டி சொரண்டுறதுக்கு அவனும் தங்கச்சி சுஹாவும் சண்ட போடாத நாள் கெடையாது.

அதுக்கப்பறம் கொஞ்ச நாள்லயே போனு வந்துருச்சு.

ஹமீதுதான் பேசுனான். மாமா, ராத்திரி நல்லாச் சாப்பிட்டான். எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தோம். சாப்பிட்டு முடிச்சு மாமி அனுப்புன தொதல்ல ரெண்டு துண்டு தின்னான், உம்மா கை உம்மா கைதான்னான். படுத்தான். விடியக்கால ஸுபுஹு தொழுகைக்கு எழுப்புறேன், எந்திரிக்கல. இதான்.

அந்த, உம்மா கை உம்மா கைதான் இருக்குல்ல, அதப் புடிச்சுக்கிட்டுதான் உம்மு ஹபீபா எந்திரிச்சா. அழுது அழுது தண்ணி எறங்காமக் கெடந்தவ. எங்கையாலதானே கடைசியாத் தின்னுட்டுப் போனான், வெறும் வயித்தோட போகலல்லன்னு எங்கிட்ட கேட்டா. இல்ல புள்ள, வயிறு நெறஞ்சுதான் போனான்னேன். அன்னிலேர்ந்துதான் இந்தத் தொதல்.

அவன் துணிமணி இருந்த பெட்டிய ஹமீதே கொண்டாந்தான். இதே எடத்துல உக்காந்து மறுபடி சொன்னான். அடுத்த லீவுக்கு வந்தப்பயும் சொன்னான். ஒரு வார்த்த மாறல டாக்டரம்மா. நான் கவனிச்சேன். நல்லாச் சாப்பிட்டான்ல ஆரம்பிச்சு ஸுபுஹுல முடியும். நெசமாக் கண்ட விஷயம்னா ஒரு தடவ ஒண்ண விட்டுருவோம், இன்னொரு தடவ புதுசா ஒண்ணு ஞாபகம் வரும். இவன் மதரஸாப் புள்ள ஓதி ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறான். கண்ணு மட்டும் எம்மேல நிக்காது.

ஆனா நான் நம்பாததுக்கு அது மட்டும் காரணமில்ல. பெட்டியத் தொறந்தது நான். அவளால முடியல, தலைவாசல்லயே உக்காந்துட்டா. மேல அவன் சட்டைங்க. அதுக்குக் கீழ பெல்ட்டு. அதுல கம்பெனி போட்ட ஓட்டைக்கு அப்பறமா, ஆணியக் காய்ச்சிக் குத்துன ஓட்டைங்க, வரிசையா உள்ள உள்ள போயிக்கிட்டே இருக்கு. அதுக்கும் கீழ, துண்டுல சுத்தி அந்த டப்பா. கனமா இருந்துச்சு. தூக்குனதுமே தெரிஞ்சுபோச்சு. துண்ட விரிச்சுப் பாக்குறேன், ஒட்டுத்தாள் அப்படியே...

ஆமாம்மா, ஆமா, நல்லா எழுதிக்கங்க. தூக்கத்துலதான். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. வா புள்ள, சட்டிய யாருகிட்ட விட்டுட்டு வந்த, சுஹாகிட்டயா? டாக்டரம்மாவுக்குத்தான் கொண்டாந்தியா? எடுத்துக்கங்கம்மா, சூடா இருக்கு, ஆறுனாத்தான் இறுகும். நம்ம ஷாகிரப் பத்தித்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க. அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், ராத்திரி நல்லாச் சாப்பிட்டான், உம்மா அனுப்புன தொதல் ரெண்டு துண்டு தின்னான். என்ன சொன்னான்னு நீயே சொல்லு. பாத்தீங்களா, எப்படிச் சொல்றா. ஒவ்வொரு தடவையும் மொகம் இப்படித்தான் ஆகும். போ புள்ள, அடிப்பிடிக்கப் போவுது, சுஹா கையி ஒருநாளும் ஒரே சீரா ஓடாது. கண்ணத் தொடச்சுக்க.

போயிட்டாளா? நல்ல வேள, நீங்க மொகத்த மாத்திக்கல. இதான் நான் உங்ககிட்ட கேக்குறது. உங்க படத்துல என்ன எழுதணுமோ எழுதிக்கங்க. அவ காதுக்கு மட்டும் பழசே இருக்கட்டும்.

டப்பாவா? அன்னிக்கே வேட்டியில மறச்சு எடுத்துட்டுப் போயி, கடக்கரையில ஒட்டுத்தாளப் பிச்சேன். மூணு சுத்து. பூசணம் பிடிச்சிருந்துச்சு. தண்ணியில கொட்டிட்டு, டப்பாவக் கழுவிக் கொண்டாந்து அடுப்படியில வச்சேன். அவ பாத்துட்டு, முழுசாக் காலி பண்ணிட்டான் எம்புள்ளன்னா. ரெண்டு துண்டுன்னுதான் ஹமீது சொன்னான், இவ முழு டப்பாவா ஆக்கிக்கிட்டா. ஆக்கிக்கட்டும்.

இப்ப ஒரு அழுக கேக்குது பாருங்க. அது பேத்தி, சுஹா மக, அஸ்பியா. தொதல் கேட்டிருக்கும், ஒண்ணோட நிப்பாட்டிருப்பா. தாய்மாமன உரிச்சு வச்ச மாதிரி இருக்கா, கன்னம், கையி, எல்லாம். சுஹாவுக்குப் பயம். அண்ணனப் பறிகுடுத்தவ. அகப்பையால அளந்துதான் சோறு வைப்பா. தட்ட நக்குனாக்கூட முதுகுல ஒண்ணு வைப்பா. அந்தப் புள்ள என்ன பண்ணுது தெரியுமா? எங்கூட சேந்து சாப்பிடுறேன்னு வந்து உக்காந்துக்கும். எந்தட்டுல அது எவ்வளவு எடுக்குதுன்னு அவ ஆத்தாளுக்குத் தெரியாதுல்ல. ஒளியிறதுக்கு அவன் ஒரு பக்கம் கத்துக்கிட்டான், இவ இன்னொரு பக்கம் கத்துக்கிட்டா.

அவ ரத்தத்தையும் எடுக்கணும்னு கேட்டீங்கள்ல, சுஹா, வாப்பா சொன்னாச் சரின்னுட்டா. எடுத்துக்கங்க. நான் சரிங்கிறேன். நெஞ்சுக்கு இப்பயே என்ன பாக்கணுமோ பாருங்க, மருந்து வேணும்னா குடுங்க, ஓட விடணுமா, நீந்த விடணுமா, கடக்கர பக்கத்துல இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா சுஹாகிட்ட நீங்க ஒண்ணு எடுத்துச் சொல்லணும். நான் சொன்னா பேத்திக்குச் செல்லம் குடுக்குறேம்பா. டாக்டரு சொன்னாக் கேப்பா. அது திங்குற ஆசையில்ல, நெசமாவே பசிக்குதுன்னு சொல்லுங்க. அந்தப் புள்ளைக்குப் பசிக்குற பசி உனக்கோ எனக்கோ பசிச்சதே கெடையாதுன்னு சொல்லுங்க. கொறைக்கிறதாருந்தாலும் அடிச்சுக் கொறைக்காதன்னு.

எங்கிட்ட இத ஒருத்தரு முன்னாடியே சொல்லியிருந்தா... சரி விடுங்க. யாருக்குத் தெரிஞ்சுது அப்ப.

ஹமீதா? இருக்கான், ஊர்லதான். வேலைய முடிச்சுக்கிட்டு ஒரேயடியா வந்துட்டான். போன மாசம் அவன் தங்கச்சி மக கல்யாணம். என்னய விடாம இழுத்துக்கிட்டுப் போயி தன்னோட சகன்லயே உக்கார வச்சான். எனக்கு நேரா அவன். ஒரு நல்ல கறித்துண்டு அவன் பக்கம் கெடந்துச்சு. அத மெதுவா வெரலால எம்பக்கம் தள்ளுனான். மரியாதைதான். ஆனா அந்தத் தள்ளுறதப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணிருச்சும்மா. ஷாகிரும் இப்படித்தான தள்ளியிருப்பான்? எல்லாத்தையும் எல்லாரு பக்கமும். கைய மட்டும் சோத்துல வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் உக்காந்திருப்பான். தட்டு காலியாத்தான் ஆயிருக்கும். கையப் பாக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. நல்லாச் சாப்பிட்டான்னு ஹமீது சொன்னது பொய்யாக்கூட இல்லாம இருக்கலாம். தொதல்தான் பொய்யி. அதுவும் அவளுக்காகச் சொன்ன பொய்யி. அவன் ரூம்ல இருந்த டப்பாதான, ஒட்டு பிரிக்காதது அவனுக்குத் தெரியாமயா இருக்கும். இத்தன வருஷம் அத மனசுல சொமந்துக்கிட்டு எப்படி என் மூஞ்சியப் பாத்தானோ, பாவம்.

இந்தா, கூப்பிடுறா. சோறு போட்டுட்டாளாம். எந்திரிங்க, கை கழுவிக்கங்க, சாப்பிடாமப் போனா அவ விட மாட்டா. உங்களுக்குத் தனித் தட்டு வைக்கச் சொல்லிட்டேன், கூச்சப்படாம வேணுங்கிறதக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. இந்தப் பக்கம் வாங்க, படி இருக்கு, பாத்து.

ஹமீதுகிட்டயா? கேட்டேன்மா. அந்தக் கல்யாணத்துச் சகன்ல வச்சே கேட்டுட்டேன். எவ்வளவோ கேக்கணும்னு வச்சிருந்தேன். வலிச்சுக் கத்துனானா, எங்களக் கூப்பிட்டானா, ஆம்புலன்ஸு வந்துச்சா, எல்லாம் வருஷக்கணக்கா தொண்டக்குள்ள வரிசையா நின்னுச்சு. அந்த நேரத்துக்கு அதுல ஒண்ணும் வரல. கறித்துண்ட அவன் பக்கமே திருப்பித் தள்ளிட்டு, பக்கத்துல இருந்தவங்களுக்குக் கேக்காம, இத மட்டும் கேட்டேன்: ஏம்ப்பா ஹமீது, எம்புள்ள பசியோடயா படுத்தான்?